ஜூனிப்பர் போன்சாய்: கத்தரியா, கம்பியா, பெரிய தொட்டியா?

சென்னை ஈசிஆர் சாலை நர்சரிகளில் சின்னத் தொட்டியில் கிடைக்கும் ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடி, வாங்கும்போது பென்சில் பருமனில் ஒரு தண்டும் அதைச் சுற்றி பச்சைப் புதருமாகத்தான் இருக்கும். அதைப் போன்சாயாக, அதாவது தொட்டியிலேயே குட்டி மரமாக, மாற்ற மூன்று வழிகள் உண்டு: கத்தரித்து வடிவம் கொடுப்பது, கம்பி சுற்றி வளைப்பது, பெரிய தொட்டிக்கு மாற்றி வளரவிடுவது.

முதலில் எல்லோர் கையும் போவது கத்தரிக்கு. செலவில்லை, பத்து நிமிடத்தில் பலன் தெரிகிறது. ஆனால் ஜூனிப்பருக்கு அதிக ஆபத்து இதில்தான். மாடிச் சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை எத்தனை முறை வெட்டினாலும் அதே இடத்தில் துளிர்க்கும். ஜூனிப்பர், பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. ஒரு கிளையின் பச்சையை முழுதாக எடுத்தால் அந்தக் கிளை போனது போனதுதான். பலர் கிளையின் உட்புறத்துப் பச்சையை வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பிறகு அந்தக் கிளையைச் சுருக்க வழியே இருக்காது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குப் பச்சைக்கு மேல் எடுக்காதீர்கள். நுனிகளை நகத்தால் கிள்ளுவதும் வேண்டாம், செடி பலவீனமாகும். நீண்டு ஓடும் தளிரை மட்டும் கூரான கத்தரியால் நறுக்கினால் போதும். வெட்டி விளையாடத்தான் ஆசை என்றால் ஆல், இச்சி மாதிரி ஒன்றை வாங்குங்கள், சென்னைக்கும் அவைதான் பொருத்தம்.

என் ஓட்டு கம்பிக்கு. கிளையை இழக்காமல் அதன் இடத்தை மாற்றும் வழி இது ஒன்றுதான். புதியவர்களுக்கு அலுமினியக் கம்பி போதும். செம்புக் கம்பி நன்றாகப் பிடிக்கும், ஆனால் கை பழக வேண்டும். கம்பியின் பருமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு, சுற்று 45 டிகிரி சாய்வில். மெல்லிய தண்டு குறைபாடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் வாய்ப்பு. தடித்தபின் வளையாத தண்டு இப்போது வளையும். மண்ணுக்குச் சற்று மேலேயே முதல் வளைவு வரட்டும், கீழ்க்கிளைகள் சற்றுத் தாழட்டும். வளைத்த வடிவம் நிலைக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் சுற்றுச் சுற்றாக நறுக்கி எடுங்கள், அவிழ்த்து இழுத்தால் கிளை ஒடியும். வேண்டாத கிளையையும் ஒட்ட வெட்டாமல், கொஞ்சம் நீளம் விட்டுப் பட்டையை உரித்தால் காய்ந்த கொம்பாக நிற்கும். ஜப்பானியர்கள் இதை ஜின் என்பார்கள். மரத்துக்கு வயது கூடித் தெரிய இதைவிட எளிய வழி இல்லை.

பெரிய தொட்டி நிதானமான வழி. தண்டு தடிக்க வேண்டுமானால் வேருக்கு இடமும் கிளைகளுக்கு ஓடும் சுதந்திரமும் வேண்டும். தட்டைத் தொட்டியில் அது மிக மெதுவாகவே நடக்கும். இரண்டு மூன்று வருடம் போன்சாய் மாதிரியே இருக்காது என்பதுதான் சங்கடம். மண்ணில் கவனம் வேண்டும். வெறும் தேங்காய் நார்க்கழிவோ களிமண்ணோ போட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் வேர் அழுகும். ஜூனிப்பர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்பதால் அது உடனே தெரியாது. பொடித்த செங்கல், கழுவிய பருமணல், கொஞ்சம் மட்கிய உரம் சேர்த்த கலவை தண்ணீரை வடித்துவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் குளிர்காலத்தில் தண்டுக்குக் கம்பி, அடுத்த குளிர்காலத்தில் பெரிய தொட்டி, தண்டு தடித்த பிறகு கத்தரி. கம்பியையும் தொட்டி மாற்றத்தையும் ஒரே பருவத்தில் செய்யாதீர்கள். செடிக்கு இரட்டைச் சுமை. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இங்கே ஏற்ற காலம். மே மாதத்தில் எந்த வேலையும் வேண்டாம். மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டி, சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பூச்சி சேராமல் இலைகளின் அடிப்பக்கமும் நனையும்படி தண்ணீர் பீய்ச்சினால் போதும்.