பனீரா, மீல் மேக்கரா?

சைவம் சாப்பிட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எடை 60 கிலோ என்றால், தசை வளர நாளுக்குச் சுமார் 95 கிராம் புரதம் வேண்டும். சாம்பாரையும் தயிரையும் மட்டும் நம்பி அதை எட்டுவது கடினம்.

புரதம்: 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். உலர்ந்த மீல் மேக்கரில், அதாவது சோயா உருண்டையில், 50 கிராமுக்கு மேல். ஊறினால் தண்ணீரை இழுத்துக் கனத்துவிடும், அதனால் ஊறப்போடும் முன்பே எடை பாருங்கள்.

கொழுப்பு: பனீரில் 20 கிராம் அளவுக்கு. மீல் மேக்கரில் பெயருக்குத்தான்.

விலை: அதே அளவு புரதத்துக்குப் பனீரில் பல மடங்கு செலவாகும்.

சமையல்: பனீரை அப்படியே சாப்பிடலாம். மீல் மேக்கரைக் கொதிநீரில் போட்டு, இரண்டு முறை நன்றாகப் பிழிந்தால்தான் அந்த வாடை போகும்.

சோயா ஆண்மையைக் குறைக்கும் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. வழக்கமான அளவில் சாப்பிடும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிலருக்கு வயிறு உப்பும், அது உண்மை. 30 கிராமில் தொடங்குங்கள்.

ஒல்லியாக இருந்து எடை கூட்ட நினைப்பவர்களுக்குப் பனீர் சரி. தொப்பையைக் குறைத்துத் தசை சேர்ப்பவர்களுக்கும், கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கும் மீல் மேக்கர்தான். பால் பொருள்கூடத் தொடாத வீகன் என்றாலும் அதுவேதான், கூடவே வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம்.