நின்ற வண்டியில் மூன்று இடி: எட்டு வருடக் கிளெய்ம் கணக்கு

இந்தக் காரை வாங்கி எட்டாவது வருடம் ஓடுகிறது. நான் ஓட்டும்போது இதுவரை எதிலும் இடித்ததில்லை. நிறுத்திவிட்டுப் போன இடத்தில்தான் மூன்று முறை யாராவது வந்து இடித்திருக்கிறார்கள். முதல் முறை இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டேன், போட்டிருக்கவே கூடாது. இரண்டாம் முறை கைக்காசில் சரிசெய்தேன். முடிவு சரி, அவசரப்பட்டதுதான் தப்பு. மூன்றாம் முறை கிளெய்ம் தவிர வேறு வழியே இல்லை, அது எனக்குப் புரிய ஒன்பது நாள் ஆனது.

பணத்தை ரூபாய், டாலரில் சொன்னால் வண்டிக்கு வண்டி மாறும். அதனால் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்கிறேன். என் காருக்கு நேரும் சேதத்துக்கான பகுதிக்கு, தள்ளுபடி எதுவும் இல்லாமல் ஒரு வருடத்துக்குக் கட்ட வேண்டிய பிரீமியம் 100. மற்ற எல்லாத் தொகையும் அந்த 100-ஐ வைத்துத்தான். பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடு தனி. என் பாலிசியில், கிளெய்ம் போடாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் போனஸ் தள்ளுபடி அந்தப் பகுதியைத் தொடுவதில்லை.

முதல் இடி இரண்டாம் வருடம். இடது பின்கதவிலும் அதற்குப் பின்னால் உள்ள தகட்டிலும் ஒரு ஒடுக்கு, அதன் மேல் யாருடைய வண்டியிலிருந்தோ ஒட்டிய வெள்ளைப் பெயின்ட். சீட்டு எதுவும் செருகியிருக்கவில்லை. புது வண்டி, வயிறு எரிந்தது. வருடாவருடம் கட்டுகிறோமே, இதற்குத்தானே என்று அன்று மாலையே கிளெய்ம் போட்டுவிட்டேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், 60-க்கு எஸ்டிமேட் வந்தது. கையெழுத்துப் போடும்போதுதான், அதில் 20 என் பொறுப்பு என்று தெரிந்தது. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை கொஞ்சம், தேய்மானக் கழிவு, அதாவது பாகம் பழசானதற்காகக் கம்பெனி கழித்துக்கொள்வது, மீதி. இந்தியாவின் வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். பெயின்டிலும் பொருள் செலவில் பாதி கழியும். நின்ற வண்டியில் அடிபடுவது பெரும்பாலும் பம்பரும் பெயின்டும்தான் என்பதை யோசித்தால் இந்தக் கழிவு எங்கே கடிக்கும் என்று புரியும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பை அப்போது நான் எடுத்திருக்கவில்லை.

ஆக, கம்பெனி கொடுத்தது 40. லாபம் என்றுதான் நினைத்தேன், அடுத்த புதுப்பிப்பு நோட்டீஸ் வரும் வரை.

கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் போனஸ் இந்தியாவில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம். நான் 20-இல் இருந்தேன். 'போகட்டும், 20 சதவீதம்தானே' என்று அன்று விட்டுவிட்டேன். ஆனால் இழப்பு ஒரு வருடத்தோடு நிற்பதில்லை. மறுபடி ஏறி முடிக்கும் வரை ஒவ்வொரு வருடமும் தொடரும். கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் அடுத்த ஐந்து வருடம் நான் கட்ட வேண்டியது 75, 65, 55, 50, 50. போட்டதால் வந்தது 100, 80, 75, 65, 55. கழித்துக் கூட்டினால் 80. வாங்கியது 40, விட்டது 80.

இந்தக் கணக்கை நான் போட்டதே நான்காம் வருடம்தான். அதன்பின் ஏணியின் எல்லாப் படிக்கும் போட்டுப் பார்த்தேன். போனஸே இல்லாத முதல் வருடத்தில் கிளெய்ம் போட்டால் பின்னால் வரும் மொத்த இழப்பு 50. 25-இல் இருக்கும்போது 105. உச்சப் படியில் 125. அதாவது ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தவர் ஒரு கிளெய்ம் போட்டால், ஒன்றேகால் வருட முழுப் பிரீமியத்தைத் தவணையில் திருப்பிக் கட்டுகிறார். வண்டி பழசாகும்போது அதன் காப்பீட்டு மதிப்பும் அதோடு பிரீமியமும் இறங்குவதால் உண்மையான தொகை இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனால் இங்கே போனஸ் வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. பழையதை விற்றுப் புதிது வாங்கினால் அது கூடவே வரும், புது வண்டியின் பெரிய பிரீமியத்தில் இன்னும் அதிகம் மிச்சமாகும். அடுத்த வருடம் வண்டி மாற்றும் எண்ணம் இருப்பவர் சின்ன கிளெய்முக்குப் போவது எனக்குப் புரியாத விஷயம்.

ஏணி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. மலேசியாவில் 25, 30, 38.33, 45, 55 என்று போகிறது. சிங்கப்பூரில் உச்சம் 50. ஒரு கிளெய்முக்கு அது 20-க்கு இறங்கும், பூஜ்யம் ஆகாது. பிரான்சில் வேறு மாதிரி. பிரீமியத்தைப் பெருக்கும் எண் ஒன்று உண்டு, கெழு என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடமும் அந்தக் கெழுவை 0.95-ஆல் பெருக்கிக்கொண்டே 0.50 வரை இறக்குகிறார்கள். தப்பு நம்முடையது என்றால் 1.25-ஆல் பெருக்குகிறார்கள். நிறுத்தியிருந்த வண்டியை யாரென்று தெரியாதவர் இடித்துவிட்டுப் போனால் அங்கே கெழு ஏறாது. எனக்கு நியாயமாகப் படுவது அதுதான். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு எதற்குத் தண்டனை?

பெயின்ட் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முதல் 60-இல் பாதி தேவையே இல்லாத வேலை. தொழிற்சாலையில் அடிக்கும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான், அப்படியென்றால் இரண்டு முடி தடிமன்தான். மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட்டிலேயே பெரும்பாலான உரசல்கள் நின்றுவிடும். நகத்தை ஓட்டிப் பாருங்கள். மாட்டாமல் வழுக்கினால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டாலே பெரும்பாலும் போய்விடும். மற்ற வண்டியின் பெயின்ட் நம் பெயின்டின் மேல் ஒட்டியிருப்பது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், துடைத்தால் அடியில் நம் நிறம் முழுசாக இருக்கும். ஒடுக்கு விழுந்தும் பெயின்ட் வெடிக்கவில்லை என்றால் பின்பக்கத்திலிருந்து தள்ளியே தகட்டை எடுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்; பட்டியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். என் கதவுக்கு முழுசாகப் பெயின்ட் அடித்தார்கள். மெட்டாலிக் நிறம், பக்கத்துக் கதவோடு கலக்கவில்லை. சாய்ந்த வெயிலில் இன்றும் அந்தக் கதவு தனியாகத் தெரிகிறது.

இரண்டாம் இடி ஐந்தாம் வருடம். பின் பம்பரின் மூலை. உரசல் ஆழம், ஒரு கிளிப் கழன்று விளிம்பு தொங்கியது. நான் 25-இல் இருந்தேன், கிளெய்ம் போட்டால் விடப்போவது 105. சர்வீஸ் சென்டரில் புது பம்பர் என்றார்கள், 45. எனக்குத் தெரிந்த டிங்கர் பிளாஸ்டிக்கை ஒட்டி, பெயின்ட் அடித்து 15-க்கு முடித்தார். யோசிக்க எதுவுமே இல்லை.

ஆனால் ஆறு வாரம் கழித்து, பின்னால் யாருமே இல்லாதபோது ரிவர்ஸ் சென்சார் அலற ஆரம்பித்தது. பம்பருக்குள் சென்சாரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் அன்றே விரிசல் விட்டிருக்கிறது. கழற்றிப் பார்க்காமல் வெளியே மட்டும் பூசிவிட்டோம். இன்னொரு 12 போனது. மொத்தம் 27, இப்போதும் 105-க்கு வெகு கீழே. ஆனால் அந்த பிராக்கெட்டுக்குப் பதிலாக ரேடார் இருந்திருந்தால்? இப்போது வரும் பல வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் அது இருக்கிறது, லேசாகச் சாய்ந்தாலும் திரும்ப அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் உள்ளே மடங்கி மறுபடி வெளியே வந்து ஒன்றும் நடக்காதது போல நிற்கும். அதனால் முடிவெடுக்கும் முன் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். அதற்குக் கூலி அரை மணி நேரம்தான்.

அந்தக் கோபத்தில் ஒரு டாஷ்கேம் வாங்கினேன், நிற்கும்போது அதிர்வு பட்டால் பதிவு செய்யும் வகை. முதல் மாதமே பேட்டரியைக் குடித்துவிட்டது. 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 அருகில் இருக்கும், 12-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி. கேமராவை எந்த அளவில் அணைக்க வேண்டும் என்ற அமைப்பை நான் தொட்டே பார்க்கவில்லை. 12.2-இல் வைத்த பிறகு தொந்தரவு இல்லை.

மூன்றாம் இடி ஏழாம் வருடம், நான் 45-இல். இரவு பத்து மணிக்குமேல் ஒரு வேன் பின்னால் எடுக்கும்போது என் முன்பக்க வலது சக்கரத்திலும் அதன் மேல் தகடான ஃபெண்டரிலும் இடித்திருக்கிறது. டாஷ்கேம் என்ன பதிவு செய்தது தெரியுமா? நேராக எதிரே இருந்த மதிலையும் 'டொம்' என்ற சத்தத்தையும். எதிர்வீட்டு சிசிடிவிதான் காப்பாற்றியது, அதுவும் மறுநாள் காலையிலேயே போய்க் கேட்டதால். பல வீடுகளில் பழைய பதிவின் மேல் புதிது எழுதிக்கொண்டே போகும். 'ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம்' என்று விட்டால் போச்சு.

வண்டி எண் கிடைத்தது. ஓட்டியவர் சின்னப் பையன், தேடிப் போனபோது உடனே ஒப்புக்கொண்டான்.

"அண்ணா, இன்சூரன்ஸ் மட்டும் வேண்டாம். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். எவ்வளவானாலும் நான் குடுத்துடறேன்."

டிங்கர் வெளியிலிருந்து பார்த்து 90 வரும் என்றார். பையனும் சரி என்றான். நானும் சரி என்றேன். பாவமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் வளைந்திருந்தது, ஹெட்லைட்டைப் பொருத்தும் காதுகள் உடைந்திருந்தன, கதவின் கீல் நகர்ந்திருந்தது. 260. பையன் போனை எடுக்கவில்லை. அவனைத் திட்ட மனம் வரவில்லை. 260 என்றால் நானும் எடுத்திருக்க மாட்டேன்.

அந்த வேனின் காப்பீட்டுக் கம்பெனியிடமே போய்க் கேட்கலாமே என்று பலர் சொன்னார்கள். நாட்டைப் பொறுத்தது அது. மலேசியாவில் தப்பு எதிராளியுடையது என்றால் நம் கம்பெனியிலேயே சேதத்தை வாங்கிக்கொண்டு போனஸையும் காப்பாற்றிக்கொள்ள ஏற்பாடு உண்டு. இந்தியாவில் எதிராளியின் காப்பீட்டில் வாங்க மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஃபெண்டருக்காக வாய்தா வாங்க யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை.

என் கணக்கு இப்படி. நான் இழக்கப்போவது 125, கம்பெனி தரப்போவது ஏறக்குறைய 250, ஏனென்றால் இம்முறை தேய்மானம் கழிக்காத காப்பு இருந்தது. கிளெய்ம் போட்டேன். ஆனால் இடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏன் உடனே தெரிவிக்கவில்லை, அதற்குள் ஏன் வண்டியைப் பிரித்தீர்கள் என்று இரண்டு கேள்வி. படங்கள், சிசிடிவி பதிவு, பையனோடு பேசிய தேதியெல்லாம் கொடுத்து, எழுதி, நடந்து, மூன்று வாரம் இழுத்துத்தான் பாஸ் ஆனது. கிளெய்ம் போடுவோமா மாட்டோமா என்பதை ஆற அமர முடிவு செய்யலாம், தகவல் சொல்வதை அப்படி ஆறப்போட முடியாது என்று அப்போதுதான் படித்தேன். பாலிசியில் அந்த வரி முதலிலிருந்தே இருந்தது. சொல்வதற்கு முன் அதை எப்படிப் பதிவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள், வெறும் தகவலாகவா, கிளெய்மாகவா என்று.

இப்போது எட்டாம் வருடம், மறுபடி பூஜ்யத்தில் நிற்கிறேன். போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் காப்பு வேண்டுமா என்று ஏஜென்ட் கேட்டார். என்னிடம் போனஸே இல்லையே, எதைப் பாதுகாக்க என்றேன். சிரித்துவிட்டு, மேலே ஏறியதும் கூப்பிடுங்கள் என்றார். 35-ஐத் தாண்டியதும் எடுப்பேன்.

போன மாதம் வலது பின்கதவில் புதிதாக ஒரு கோடு. நகத்தை ஓட்டினேன், மாட்டுகிறது. டிங்கர் 8 என்றார். கிளெய்ம் போட்டால் என் இழப்பு 50. படம் எடுத்து வைத்துக்கொண்டேன், இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அந்தக் கோட்டின் உயரம் பக்கத்து வண்டியின் கதவு விளிம்புக்குச் சரியாக இருக்கிறது, அவர் இப்போதும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார். இன்னொன்றும் சேரட்டும், இரண்டையும் ஒரே தடவையில் அடித்துக்கொள்ளலாம்.