கேனான் 55-250 எஸ்டிஎம்: விமானப் படங்களுக்கு முதல் லென்ஸ்

ஓடுபாதை வேலிக்கு வெளியே நின்று விமானங்களைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள், கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதாது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வார்கள். அடுத்து எதை வாங்குவது என்று கேட்டால், கேனான் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் கொண்ட) கேமரா வைத்திருப்பவருக்கு எங்கள் பதில் இஎஃப்-எஸ் 55-250 எஃப்/4-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். ஐஎஸ் என்றால் அதிர்வுத் தடுப்பு, எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை. 2013-ல் வந்தது. எடை 375 கிராம்தான், ஒரு மணி நேரம் கையில் பிடித்து நின்றாலும் தோள் வலிக்காது.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். 55-250 ஐஎஸ் II என்ற பழைய லென்ஸும் இருக்கிறது. அதன் ஃபோகஸ் மோட்டார் மெதுவானது, சத்தமும் அதிகம். ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சுழல்வதால் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டினால் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 'எஸ்டிஎம்' என்ற எழுத்து லென்ஸிலேயே இருக்க வேண்டும். இன்னும் மலிவாகக் கிடைக்கும் 75-300 III பக்கம் போகவே வேண்டாம். அதில் அதிர்வுத் தடுப்பு இல்லை. 300-ல் படம் மசமசவென்று இருக்கும், வெள்ளை விமானத்தின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடும்.

ஜூமின் உச்சமான 250 மி.மீ. எவ்வளவு தூரத்துக்கு உதவும்? இந்தக் கேமராக்களின் சென்சார் அகலம் சுமார் 22.3 மி.மீ. 37.6 மீட்டர் நீளமுள்ள ஏ320 பக்கவாட்டில் பறந்தால், 420 மீட்டர் தூரத்தில் சட்டத்தை முழுக்க நிரப்பிவிடும். மூக்கும் வாலும் வெட்டுப்படாமல் இருக்க 500 மீட்டர் தூரம் நல்லது. 73.9 மீட்டர் நீளமுள்ள 777-300இஆர் என்றால் 830 மீட்டரிலேயே நிரம்பிவிடும். சிங்கப்பூர் சாங்கி கடற்கரைப் பூங்கா போல, இறங்கும் பாதைக்கு அடியிலேயே நிற்கக்கூடிய இடத்தில் 250 தேவைப்படாது, 100-க்கும் கீழே ஜூமைக் குறைக்க வேண்டிவரும். ஆனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் ஓடுபாதையில் நிற்கும் ஏ320-க்கு இந்த லென்ஸ் எட்டாது. எட்டுகிற லென்ஸ் வாங்கினாலும் பயனில்லை, காரணம் கானல்.

புதியவர்களின் படம் கூர்மையில்லாமல் போவதற்கு லென்ஸைத் திட்டுவதுதான் வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி, சூடேறிய தார்த்தரைக்கு மேல் நெளியும் காற்று. ஜன்னல் வரிசையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய வரிசை அலை அலையாக வளைந்திருந்தால் அது கானல். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும், கணினியில் கூர்மை ஏற்றினாலும் அது போகாது. வெயில் ஏறுவதற்கு முன்பே போங்கள், கிட்டே நில்லுங்கள், தரையில் ஓடும் விமானத்தை விட்டுவிட்டு மேலே ஏறிய விமானத்தை எடுங்கள்.

அமைப்புகள் எளிது. ஏவி முறையில் (துளையை நீங்களும் ஷட்டர் வேகத்தைக் கேமராவும் முடிவு செய்யும் முறை) துளையை எஃப்/8-ல் வையுங்கள், இந்த லென்ஸ் நன்றாகக் கூர்மை தருவது அங்கேதான். 250-ல் எஃப்/5.6 மோசமில்லை, ஆனால் வால் பதிவெண் எஃப்/8-ல்தான் சுத்தமாக வாசிக்க வரும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200 வைத்தால் ஷட்டர் 1/800 கிடைக்கும், 400 வைத்தால் 1/1600. மேகமூட்டத்தில் 800 வரை ஏற்றத் தயங்காதீர்கள். சற்றுப் புள்ளி விழுந்த படத்தைத் தேற்றிவிடலாம், அசைந்த படத்தைத் தேற்ற முடியாது. வெளிறிய சாம்பல் வானத்துக்கு எதிரே கேமரா ஏமாந்துபோய் விமானத்தைக் கருப்பாக்கிவிடும், +2/3 முதல் +1 வரை ஒளி கூட்டுங்கள். நீல வானில் வெயில் படும் வெள்ளை விமானத்துக்குக் கூட்ட வேண்டாம், பூஜ்யத்திலேயே விடுங்கள்.

ஃபோகஸை ஏஐ செர்வோவில் (நகரும் பொருளை விடாமல் தொடரும் முறை) வைத்து நடுப்புள்ளியை மட்டும் பயன்படுத்துங்கள். லென்ஸின் உண்மையான குறை இங்கேதான் தெரியும். வெறும் சாம்பல் வயிற்றையோ மேகத்தையோ புள்ளி தொட்டால் ஃபோகஸ் கடைசிவரை ஓடித் திரும்பும், தூர வரம்பு வைக்கும் பொத்தானும் இதில் கிடையாது. விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே பிடித்து, விமானி அறையின் ஜன்னல் அல்லது நிறுவனப் பெயரின் எழுத்துகள் மீது புள்ளியை நிறுத்தித் தொடருங்கள்.

விசிறி (புரொப்பெல்லர்) விமானத்துக்கு வேறு கணக்கு. ஏடிஆர் 72 புறப்படும்போது விசிறி நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும், அந்த விசிறிக்கு ஆறு இறக்கைகள். 1/1000-ல் எடுத்தால் ஓர் இறக்கை 7 பாகைதான் நகரும், விசிறி நின்றுபோனது போல இருக்கும். பறக்கிற விமானம் பொம்மையாகிவிடும். 1/125-ல் 58 பாகை நகரும். இறக்கைகளுக்கு இடையே 60 பாகை என்பதால் அழகான முழு வட்டம் வரும். டிவி முறைக்கு (ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவு செய்யும் முறை) மாறி ஐஎஸ்ஓ 100 வையுங்கள். முதலில் 1/250-ல் பழகுங்கள், பிறகு குறையுங்கள். பத்தில் இரண்டு தேறினாலே நல்லது. வெயிலில் துளை எஃப்/14 வரை சுருங்குவதால் சென்சார் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும், கிளம்பும் முன் சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

இடி-63 ஹூட் (லென்ஸ் முகப்பில் மாட்டும் வெளிச்சத் தடுப்பு) தனியாகத்தான் விற்கிறார்கள், அதையும் சேர்த்தே வாங்குங்கள். கம்பி வேலி வழியாக எடுக்கும்போது லென்ஸ் முகப்பை வேலியோடு ஒட்டி வைத்து, 250-ல் எஃப்/5.6-க்குத் திறந்தால் கம்பி கரைந்துவிடும். முனையக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது போலரைசரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் வானவில் திட்டுகள் விழும்.

ஆர்எஃப் மவுன்ட் (கேனானின் மிரர்லெஸ் வகை) கேமரா வைத்திருந்தால் அடாப்டரோடு இதே லென்ஸ் வேலை செய்யும். ஆர்எஃப்-எஸ் 55-210 இன்னும் எடை குறைவு, ஆனால் எட்டும் தூரமும் குறைவு, கடைசியில் எஃப்/7.1 ஆகிவிடும். வேகமான ஃபோகஸ் கட்டாயம் வேண்டுமென்றால் 70-300 ஐஎஸ் II யுஎஸ்எம் இருக்கிறது, 710 கிராம். போர் விமானங்களைத் துரத்துபவருக்கு அது. இறங்கும் பயணிகள் விமானங்களுக்கு 55-250 எஸ்டிஎம் தாராளமாகப் போதும்.