நட்சத்திர ஹோட்டல், எழும்பூர் லாட்ஜ், சர்வீஸ் அபார்ட்மென்ட்: அம்மாவோடு சென்னையில் ஆறு இரவுகள்

அம்மாவுக்கு எழுபது முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: ஒரு டிசம்பர் முழுசாக இல்லாவிட்டாலும், ஒரு வாரமாவது சென்னையில் உட்கார்ந்து கச்சேரி கேட்க வேண்டும். சரி, எழுபதாவது பிறந்தநாளாயிற்றே என்று முதல் இரண்டு இரவுக்கு ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் அறை போட்டேன். அடுத்த இரண்டு இரவு எழும்பூரில், அப்பா இருந்த காலத்தில் வழக்கமாகத் தங்கிய லாட்ஜ். கடைசி இரண்டு நாள் கோயம்புத்தூரிலிருந்து தங்கையும் பிள்ளைகளும் வந்து சேர்ந்ததால் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட். ஒரே வாரத்தில் மூன்றையும் பார்த்ததால் இதை எழுத முடிகிறது. மூன்றின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

முதலில் காசு. ஹோட்டல் அறை ஒரு நாளைக்கு 11,500 ரூபாய். லாட்ஜ் 3,000. இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் 6,500. இதன் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம்தான். அதைத் தாண்டினால் 18. ஆக ஹோட்டல் 13,570, லாட்ஜ் 3,150, அபார்ட்மென்ட் 6,825. முன்பு 7,500க்குக் கீழே 12 சதவீதம் இருந்தது. அது குறைந்ததில் பெரிய ஹோட்டலுக்கும் மற்றதுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அகலமாகிவிட்டது. வரி அறையோடு நிற்பதும் இல்லை. அந்த ஹோட்டலில் குடித்த காபி 350 ரூபாய், அதற்கும் 18 சதவீதம் சேர்த்து 413. அம்மா விலையைப் பார்க்காமல் இருக்க மெனு அட்டையை மூடி வைத்தேன். பில்லைப் பார்த்துவிட்டாள்.

மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கு ஒரு பிரச்சினை உண்டு: விடியற்காலையிலேயே சென்னையில் இறங்கிவிடுவோம். ஹோட்டலில் செக்-இன் மதியம் மூன்று மணி. சீக்கிரம் அறை வேண்டும் என்றால் அரை நாள் வாடகை தனியாம். லாபி பிரமாதமாகத்தான் இருந்தது. மல்லிகை வாசம், ஆளுயரப் பூச்சாடி, வழுக்கும் பளிங்குத் தரை. அந்தத் தாழ்வான சோபாவில் உட்கார்ந்த அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன். கடைசியில் பதினோரு மணிக்கு, காசு வாங்காமலே அறை கொடுத்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதற்குள் இரண்டு தடவை "சிஸ்டம் அப்டேட் ஆகணும் சார்" கேட்டாயிற்று.

எழும்பூர் லாட்ஜ்கள் பலவற்றில் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரைக்கும் அறை உங்களுடையது. ரயிலை நம்பி வாழும் பேட்டை, ரயிலின் நேரத்துக்கு வளைந்து கொடுக்கிறது. தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே பாதி வாடகைக்குச் சமம்.

இப்போது குளியலறைக்கு வருகிறேன், சண்டையே அங்கேதான். ஹோட்டலில் கண்ணாடித் தடுப்பு, வெள்ளை வெளேரென்ற தொட்டி, அதற்குள் நின்றுதான் ஷவர். தொட்டியின் விளிம்பு அம்மாவின் முழங்காலுக்கு மேலே. மூட்டு வலிக்காரி எப்படித் தாண்டுவாள்? ஒரு வாளியும் மக்கும் கொடுங்கள், வெளியே ஸ்டூல் போட்டுக் குளித்துக்கொள்வாள் என்று ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் செய்தேன். "ஷ்யூர் சார்." இருபது நிமிடம் கழித்து ஒரு பையன் ஐஸ் வைக்கிற பக்கெட்டோடு வந்து நின்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லப்பட்டது அதுதான். மறுபடி போன், மறுபடி "ஷ்யூர் சார்". நாற்பது நிமிடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி வந்தது, துடைப்பக் குச்சியின் கோடு உள்ளே தெரிந்தது. மாடியைக் கழுவுகிற வாளி.

லாட்ஜில் குளியலறை சின்னது, மூலையில் ஓடு ஒன்று பெயர்ந்திருந்தது, டவல் மெல்லியது. ஆனால் வாளி இருந்தது, கீசர் இருந்தது, கால் வைக்கத் தடுப்பு எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்தவர் அம்மா நடந்து வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை மேலே அனுப்பிவைத்தார்.

அடுத்தது தூக்கம். மார்கழியில் கல்யாண ரிசப்ஷன் இருக்காது, சத்தமில்லாமல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கம்பெனிகளின் ஆண்டு இறுதி விருந்துக்கு மார்கழி ஏது? எங்கள் அறைக்கு இரண்டு மாடி கீழே பாங்க்வெட் ஹால். டிஜேயின் பாஸ் சத்தம் கட்டில் கால் வழியாக ஏறியது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதுதானே சட்டம் என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே மூடிய பாங்க்வெட் ஹால்களுக்கு, உள்ளே இருப்பவர்களுக்கான சத்தம் என்றால், விலக்குக் கொடுக்கின்றன. அதனால் பத்து மணிக் கணக்கைக் காட்டிப் போலீஸை இழுப்பது கஷ்டம், ஹோட்டலைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் "நோட் பண்ணிக்கிறேன் சார், டியூட்டி மேனேஜர்கிட்ட எஸ்கலேட் பண்றேன்" என்றாள். பன்னிரண்டேகால் வரைக்கும் பாட்டு ஓடியது. காலையில் கதவுக்கு அடியில் ஒரு கடிதம், கூடவே நாலு சாக்லேட். ஏசி சரியாக வேலை செய்யாததற்காக மனப்பூர்வமாக வருந்துகிறார்களாம். ஏசியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

எனக்குப் புரிந்தது அந்தக் கடிதத்தில்தான். அங்கே எல்லோரும் மரியாதையானவர்கள், யாருக்கும் அதிகாரம் இல்லை. நாம் சொன்னது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வழியில் வாளி ஐஸ் பக்கெட்டாகிறது, டிஜே ஏசியாகிறது. எழும்பூரில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரே மேனேஜர். எதிர் அறையில் சீட்டாட்டச் சத்தம் என்று சொன்னபோது, செருப்பை மாட்டிக்கொண்டு மாடியேறி வந்து கதவைத் தட்டினார். மூன்று நிமிடம்.

நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு. ஹோட்டல்காரர்கள் விருப்பப்பட்டு விண்ணப்பித்தால் வந்து பார்ப்பார்கள். கொடுத்த நட்சத்திரம் 5 வருடம் செல்லும். அறை அளவு, குளியலறை, உணவகம், லிஃப்ட் என்று இருக்கிற வசதிகளைப் பட்டியல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்தால் என்ன நடக்கும் என்பதை எந்தப் பட்டியலை வைத்துப் பார்ப்பது?

ஹோட்டலுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தை அருமை, இரண்டாம் இரவு விருந்து இல்லாததால் அம்மா அசையாமல் தூங்கினாள். காலைப் பொங்கலில் நெய்யும் மிளகும் கணக்காக இருந்தன. ரெஸ்டாரன்ட் பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்ததை எடுக்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். (அதைத் தானாகப் போடக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லி, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. கேட்டால் எடுப்பார்கள், கேட்காவிட்டால் இருக்கும்.) லாட்ஜில் லிஃப்ட் ஒரு தடவை நின்றது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். விடியற்காலை ஆட்டோ ஹாரன் ஓயவே ஓயாது. காது கூர்மையானவர்கள் அங்கே போக வேண்டாம்.

அபார்ட்மென்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஓட இடம், வாஷிங் மெஷின், அம்மா தன் கையால் போட்ட டிகாக்‌ஷன், சபாவுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். கேர்டேக்கர் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் நின்றபோது மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மாடி வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட்டோம். நாலு பேருக்கு மேல் என்றால் யோசிக்காமல் இதுதான். வயதானவரோடு இரண்டே பேர் என்றால் எழும்பூர். பெரிய ஹோட்டல்தான் போயாக வேண்டும் என்றால் பதிவு செய்வதற்கு முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: அன்றிரவு பாங்க்வெட் ஹாலில் என்ன நிகழ்ச்சி, தொட்டியில்லாத குளியலறை உள்ள அறை உண்டா, பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு இல்லாத அறை கிடைக்குமா. அந்தக் கதவு வழியாகத்தான் அடுத்தவர் டிவி நம் காதுக்கு வருகிறது. பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் டெபாசிட்டாக என் டெபிட் கார்டில் பிடித்த பத்தாயிரம் திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. கிரெடிட் கார்டு கொடுத்திருக்க வேண்டும், என் தப்பு. அதைக் கேட்டுப் போன் செய்தபோது வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு குரல் ஹிந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்கு மாறி என் அனுபவத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டது. அதே வாரம் எழும்பூரிலிருந்தும் ஒரு போன். அம்மாவின் கண்ணாடிக் கூடு தலையணைக்கு அடியில் இருந்ததாம். "கூரியர்ல அனுப்பவா, இல்ல அடுத்த டிசம்பருக்கு வரும்போது வாங்கிக்கிறீங்களா?" அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, வரும்போது வாங்கிக்கிறோம், கீழ் மாடியிலேயே அறை கொடுங்கள் என்றாள்.