எக்ஸ்-இ2 வாங்கும் முன் கண்ணைப் பாருங்கள்

ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-இ2 கேமரா செகண்ட்ஹேண்டில் வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நான் பல வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலான வியூஃபைண்டரை எந்தக் கண்ணால் பார்ப்பீர்கள்?

கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ, அதுதான் உங்கள் கண். எனக்கு இடது. எக்ஸ்-இ2 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் பாணி கேமராவில் வியூஃபைண்டர் இடது ஓரத்தில் இருக்கும். வலக்கண்காரருக்கு மூக்கு கேமராவுக்கு வெளியே போய்விடும். அவர் இடது கண்ணையும் திறந்து வைத்தால் ஃபிரேமுக்குள் அடுத்து யார் வரப்போகிறார் என்பது தெரியும். இந்த வடிவத்தின் சுகமே அதுதான், எனக்கு அது கிடைக்கவே இல்லை. மூக்கு திரையில் அழுந்துகிறது. வலது கண்ணைக் கேமராவே மறைக்கிறது. பின்பக்கப் பட்டனைத் தேடும் கட்டைவிரல் கன்னத்தில் இடிக்கிறது. வெயில் காலத்தில் திரை முழுக்க எண்ணெயும் வியர்வையும். பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

மற்றபடி அருமையான கேமரா. ஷட்டர் வேகம் மேலே டயலில், ஒளி நுழையும் திறப்பான அப்பெர்ச்சர் 35 எம்எம் எஃப்1.4 லென்ஸின் வளையத்தில். ஆன் செய்யும் முன்பே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 2013-இல் வந்த கேமராவுக்கு 2016-இல் ஃபர்ம்வேர் 4, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு, கொடுத்தார்களே, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். உச்சி வெயிலில் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 200-இல் வைத்து, எஃப்1.4 என்ற அகலத் திறப்பில் எடுக்க ஏறக்குறைய 1/25,000 நொடி வேண்டும். மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-உடன் நின்றுவிடும். அந்த அப்டேட்டில் வந்த எலெக்ட்ரானிக் ஷட்டர் 1/32,000 வரை போகிறது. ஓடும் பஸ்ஸை மட்டும் அதில் எடுக்காதீர்கள், படத்தில் பஸ் சாய்ந்து தெரியும். 16 மெகாபிக்சல் போதுமா என்றால், வீட்டுச் சுவரில் மாட்டத் தாராளமாகப் போதும்.

நண்பருக்கும் இடக்கண்தான். வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். 2014-இல் வந்த எக்ஸ்-டி1-ஐத் தேடச் சொன்னேன்: அதுவும் 16 மெகாபிக்சல்தான், அதே லென்ஸ்கள் பொருந்தும், வியூஃபைண்டர் நடுவில் இருக்கும். உங்களுக்கு வலக்கண் என்றால் யோசிக்காமல் எக்ஸ்-இ2 வாங்குங்கள். டிஸ்ப்-பேக் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ஃபர்ம்வேர் எண் திரையில் வரும். 4-க்குக் கீழே இருந்தால் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது.