பக்கத்து வண்டிக்கும் சேர்த்து ஒரு பஞ்சர் கிட்

ஆன்லைனில் ட்யூப்லெஸ், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயருக்கான பஞ்சர் கிட் என்று தேடினால் பத்துப் பதினைந்து பெயர்களில் பெட்டிகள் வரும். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ஓட்டையைத் துருவ ரம்பப் பல் வைத்த ரீமர், நுனியில் காது உள்ள ஊசி, ஓட்டையை அடைக்க ஐந்தாறு பழுப்பு ரப்பர் ஸ்ட்ரிப், கட்டைவிரல் நீளத்தில் ஒரு சொல்யூஷன் (பசை) ட்யூப். விலை ஐந்நூறு ரூபாய்க்குள். சொந்த வண்டிக்கு எதை வாங்கினாலும் பழகிப் பழகிச் சமாளித்துவிடலாம். இங்கே நாங்கள் பார்ப்பது வேறு. ரோட்டோரம் நிற்கிற, முன்பின் தெரியாத ஒருவரின் வண்டிக்கு இந்தப் பெட்டி கைகொடுக்குமா?

பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்ற பேச்சு உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் எதிரே வரும் பைக்குக்கு இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டுவார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் எதிர் வண்டி வருவது கிளட்ச் கைப் பக்கம், அந்தக் கையை எடுக்கலாம். இங்கிலாந்தில் எதிர் வண்டிப் பக்கம் இருப்பது ஆக்சிலரேட்டர் கை. அதனால் தலையசைப்பு. நம் ஊரில் ரோடு முழுக்க டூவீலர்தான், ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைக்க வழியில்லை. ஆனால் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பிப் பாருங்கள், அடுத்த சிக்னலுக்குள் நாலு பேர் கத்திச் சொல்லிவிடுவார்கள். பின்சீட்டில் இருப்பவரின் துப்பட்டா சக்கரத்தை நெருங்கினால் விரட்டி வந்து சொல்வார்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் தன் காலைக் கொடுத்து பங்க் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். இது ஆபத்து, செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஆனாலும் அதில் இருக்கிற சொந்தம் நிஜம். எந்த கிளப், எத்தனை சிசி என்று கேட்டுவிட்டு யாரும் கால் கொடுப்பதில்லை.

அந்த உதவியின் வகைகள் இப்போது சுருங்கிவிட்டன. கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்கு அடியில் டேப் இருக்கும். பெட்ரோல் ட்யூபைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்துக் கொடுத்துவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததும் ஏறக்குறைய எல்லா வண்டியும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப் டேங்குக்குள் போய்விட்டது, டேப்பும் ரிசர்வும் இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான்: பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் பம்பும் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவும் உயிர் பெறாது, எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. ரோட்டோரத்தில் இன்னொருவர் கையால் முழுதாகச் சரிசெய்யக்கூடியது என்று மிஞ்சியிருப்பது டயர். அதனால்தான் இந்தப் பெட்டி முக்கியம்.

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் மாதிரி நேர்க்கைப்பிடி வேண்டாம். பின் டயரில் ஊசியை இறக்க உடம்பின் எடையையே போட வேண்டியிருக்கும், வியர்த்த கையில் நேர்க்கைப்பிடி வழுக்கும். டி வடிவம், அதுவும் உலோகம். பிளாஸ்டிக் டியில் கம்பி நுழைகிற இடம்தான் முதலில் விரிசல் விடும்.

வேலையின் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். ஆணியைக் கண்டதும் பிடுங்கக் கூடாது. டயரில் மிச்சமிருக்கிற காற்று உங்களுக்கு உதவி, டயர் விறைப்பாக இருந்தால்தான் ஊசி இறங்கும். முதலில் ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் பாதி நீளம் வரை கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வையுங்கள். ஸ்ட்ரிப் தடித்து நுழையவில்லையென்றால் நுனியை கட்டிங் பிளேயரால் நசுக்குங்கள். ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். அதே சாய்வில் ரீமரை விட்டு, திருகியபடி பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் இழுங்கள். சாய்வு மாறினால் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புதுப் பாதை வெட்டப்படும், ஸ்ட்ரிப் ஒன்றை அடைக்க மற்றொன்று கசியும். பிறகு ஊசி. ஸ்ட்ரிப்பின் இரண்டு வாலும் வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் தெரியும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல் சட்டென்று ஒரே மூச்சில் வெளியே இழுக்க வேண்டும். தயங்கித் தயங்கி இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வாலை 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள், ஒட்ட நறுக்கினால் உள்ளே இழுபட்டுப் போகும். காற்றடித்து சோப்புத் தண்ணீரோ எச்சிலோ தடவி, முட்டை விடுகிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் இந்த வேலையே வேண்டாம். அது ஓடும்போது மடங்கி நிமிர்கிற இடம், எந்த ஸ்ட்ரிப்பும் நிற்காது. 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டைக்கும் இந்தக் கிட் சரிவராது.

காளான் வடிவ பிளக் உள்ள கிட் ஆயிரத்துக்கு மேல் போகும். உள்ளே விரிந்து உட்காருவதால் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளே இரும்புக் கம்பி வலை வைத்த ஸ்டீல் பெல்ட் ரேடியல் டயரில் அந்தக் கம்பி பிளக்கின் தண்டை அறுத்துவிடுவது உண்டு. யாருடைய டயர் என்ன வகை என்று தெரியாமல் உதவப் போகிறவருக்கு ஸ்ட்ரிப்பே மேல்.

பெட்டிகள் எதுவும் சொல்லாத பெரிய விஷயம், எதிரே நிற்பது ட்யூப் வண்டியா என்பது. சாதாரண ஸ்போக் வீல் கிளாசிக் 350, பழைய ஹிமாலயன் 411 எல்லாம் ட்யூப்தான். அலாய் வீலைப் பார்த்து ட்யூப்லெஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பழைய அலாய் வண்டிகள் பலவற்றில் உள்ளே ட்யூப் இருக்கும். வால்வைப் பாருங்கள். முழுக்க மரை போட்ட உலோகத் தண்டும் ரிம்மை ஒட்டி ஒரு நட்டும் இருந்தால் பெரும்பாலும் ட்யூப். தடித்த ரப்பர் அடியோடு இருந்தால் ட்யூப்லெஸ். ட்யூப் வண்டியில் ரீமரை விட்டால் ட்யூப் கிழியும், உதவப்போய் அவருக்குப் புது ட்யூப் செலவு வைத்துவிடுவோம். அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான். காற்று மெதுவாக இறங்கினால் ஆணியை அப்படியே விட்டு, காற்றடித்து, மெதுவாக அடுத்த கடை வரை கூடவே போவது.

காற்றடிக்க என்ன இருக்கிறது என்பதும் கிட்டின் பாதி. கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் 16 கிராமில் வருகிறது, பின் டயருக்கு ஒன்று போதவே போதாது, இரண்டு மூன்று வேண்டும். 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் (காற்றடிக்கும் சின்ன மோட்டார்) வாங்கினால் பேட்டரியில் நேராகக் கவ்வும் முதலைக் கிளிப் உள்ளதாகப் பாருங்கள். உங்கள் வண்டியின் சாக்கெட் அடுத்தவர் வண்டியில் இருக்காது. சார்ஜ் ஏற்றும் வகை கைக்கு அடக்கம்தான், மாதம் ஒருமுறை சார்ஜ் போட மறந்தால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே சும்மா கனக்கும்.

எங்கள் தேர்வு: உலோக டி கைப்பிடி கிட், தனியாக ஒரு கட்டிங் பிளேயர், கிளிப் வைத்த இன்ஃப்ளேட்டர், பத்து ஸ்ட்ரிப் கூடுதல். சொல்யூஷன் ஒருமுறை திறந்தால் காய ஆரம்பிக்கும், அதனால் திறக்காத ட்யூப் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். சரிசெய்து அனுப்பும்போது ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தி டயரை அழுத்திப் பார்க்கவும், இரண்டு நாளுக்குள் கடையில் டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் போடவும் சொல்லுங்கள். காற்றின் அளவு வண்டியிலேயே ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், அதையும் அவருக்குக் காட்டிவிடுங்கள்.