கத்திமுனை நழுவினால் மாதிரியும் நழுவும்: ஆறு ஆண்டு நீட்சிமானி அனுபவம்

உலோகத் துண்டை இழுத்துச் சோதிக்கும்போது அதன்மேல் கவ்வி நின்று, அது எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் என் நீட்சிமானி, சென்ற வாரம் துண்டைத் தொடும் இரண்டு கத்திமுனைகளும் மாற்றப்பட்டு, புதிய அளவுத்திருத்தச் சான்றிதழுடன் திரும்பி வந்தது. புதிதாக ஆய்வகம் அமைக்கும் நண்பர் ஒருவரும் அதே வாரத்தில், இழுவிசைச் சோதனைக்கு இந்தக் கவ்வும் வகைக் கருவியை வாங்கலாமா, நேரடியாக, துண்டைப் படமெடுத்து நீட்சியைக் கணக்கிடும் கேமரா முறைக்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

என் வேலையின் பெரும்பகுதி கணினியில்தான். உலோகத் தகடுகள் நிரந்தரமாக உருமாறும்போது தகைவும் (பரப்பலகுக்கான விசை) திரிபும் (மூல நீளத்தில் நீட்சி எத்தனை பங்கு என்பது) எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதற்குக் கணினி மாதிரி எழுதி, அதை, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் கணக்கீட்டில் பொருத்துகிறேன். அந்த மாதிரியின் மாறிலிகள் ஒவ்வொன்றும் 25 மி.மீ. அளவிடை நீளமுள்ள (இரண்டு கத்திமுனைகளுக்கும் இடையிலான தூரம்) இந்தச் சிறு கருவியின் வழியாகவே வருகின்றன. இதை நான் இவ்வளவு பொருட்படுத்துவதற்குக் காரணம் அதுதான்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். இழுவிசை இயந்திரத்தின் குறுக்குச்சட்டம் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்துத் திரிபைக் கணக்கிட்டால், பிடிகளும் விசையை அளக்கும் லோட் செல்லும் சட்டமும் நீண்ட நீளமெல்லாம் சோதனைத் துண்டின் கணக்கில் சேர்ந்துவிடும். அலுமினியத்தின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 70 கிகா பாஸ்கலாக வர வேண்டிய இடத்தில் அதைவிட மிகக் குறைந்த எண்ணே கிடைக்கும். நீட்சிமானியோ துண்டின் மேலேயே உட்கார்ந்து அளக்கிறது. உருக்குத் தகட்டைச் சிறிது இழுத்து, விசையைத் தளர்த்தி, மீண்டும் இழுத்தால், இறங்கும் கோடும் ஏறும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல், நடுவே மெல்லிய கண்ணி ஒன்று விரிவதைத் திரையில் பார்க்கலாம். நிரந்தரத் திரிபு கூடக்கூட அந்தக் கோடுகளின் சாய்வு குறைந்துகொண்டே போய், சில உருக்கு வகைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடுகிறது. வளைத்த தகட்டை அச்சிலிருந்து எடுத்ததும் அது எவ்வளவு மீண்டு விரியும் என்று கணிப்பவர்களுக்கு இந்தச் சிறு சரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தக் கண்ணியைப் பார்ப்பதில் எனக்கு அலுப்புத் தட்டவில்லை.

இனி, என் பொறுமையைத் தின்ற அந்த ஒன்று: கத்திமுனை நழுவுதல். இரண்டு முனைகளையும் துண்டோடு அழுத்திப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டுமே. வளையம் சற்றுத் தொய்ந்தாலோ, கடினப்படுத்திய உருக்கில் பலமுறை அளந்து முனை மழுங்கினாலோ, சோதனையின் நடுவில் அது ஓசையில்லாமல் நகர்ந்துவிடும். நகர்வது 5 மைக்ரான்தான் என்று வைத்துக்கொண்டாலும், 25 மி.மீ. நீளத்தில் அது 0.0002 திரிபு, அலுமினியத்தின் மீள் பகுதியில் (விசை நீங்கினால் பழைய நீளத்துக்கே திரும்பும் பகுதி) 14 மெகா பாஸ்கல் தகைவுக்குச் சமம். நீட்சிமானிகளின் அளவுத்திருத்தத்துக்கான ஐஎஸ்ஓ 9513 தரத்தில் முதல் வகுப்புக் கருவிக்கு அனுமதிக்கப்படும் பிழையே 1 சதவீதம் அல்லது 3 மைக்ரான், இரண்டில் எது பெரிதோ அது. சான்றிதழில் உள்ள அந்த வகுப்பு, முனை நழுவாத வரைக்கும்தான் பொருள்படும்.

இதனால் ஒருமுறை ஏழு வாரங்களை இழந்தேன். மக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டின் தகைவு–திரிபு வளைவில் சிறு சிறு பற்கள் தெரிந்தன. இந்த உலோகக் கலவையில் அப்படித் தெரிவது இயல்பு: டிஸ்லொகேஷன்கள் எனப்படும் படிகக் குறைகள் நகரும்போது தடைகளில் காத்திருக்கும் நேரத்தில் மக்னீசிய அணுக்கள் அவற்றை வந்து சூழ்ந்து பிடித்துக்கொள்வதும், அவை திடீரென விடுபடுவதும் மாறி மாறி நிகழும். போர்ட்டவின், லே ஷாட்லியே ஆகிய இருவரும் 1923-இலேயே விவரித்த விளைவு இது. ஆகவே நான் சந்தேகப்படவில்லை. திரிபு வேகம் கூடும்போது தகைவு குறையும் வகையில் மாதிரியை விரித்து எழுதி, அந்தப் பற்களுக்கு மாறிலிகளைப் பொருத்திக்கொண்டே இருந்தேன். ஒரு துண்டுக்குப் பொருந்தியது அடுத்த துண்டுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் விசையையும் நீட்சியையும் தனித்தனியே நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. உண்மையான பல் என்றால் விசை சட்டென்று விழ வேண்டும். பல இடங்களில் விசை அசையவே இல்லை; நீட்சி மட்டும் ஒரு படி பின்வாங்கியிருந்தது. துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். கீழ்முனை பதிந்த இடத்தில் ஒரே கீறலுக்குப் பதிலாக, மயிரிழை இடைவெளியில் மூன்று கீறல்கள் இருந்தன.

அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் கழற்றியவுடன் கீறல்களை எண்ணுகிறேன். தகைவு–திரிபு வளைவை மட்டும் அனுப்பி மாறிலி கேட்பவர்களிடம் நேரப் பதிவையும் கேட்டு வாங்குகிறேன். பழுது நீக்கிய இடத்திலும் ஒரு குறை வைத்தார்கள். புதிய முனைகளில் ஒன்று சரியாக அமராததால் அளவிடை நீளம் 24.9 மி.மீ. ஆகிவிட்டது. எல்லாத் திரிபுகளிலும் 0.4 சதவீதம் அதனால் குறைந்தே பதிவாகும். நானே அளந்து பார்த்திராவிட்டால் அது அப்படியே கணக்கீட்டுக்குள் போயிருக்கும். இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை நண்பர் கருத்தில் கொள்ளட்டும்.

கேமரா முறை துண்டின் மேற்பரப்பு முழுவதையும் காட்டும்; உருமாற்றம் குவியும் பட்டை எங்கே தோன்றி எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் புள்ளிக்குப் புள்ளி அதன் இரைச்சல் பெரும்பாலும் 0.0001 திரிபு அளவில் இருப்பதால், நான் மேலே சொன்ன மெல்லிய கண்ணி அதில் எளிதில் கரைந்துவிடும். சிறு திரிபுகளை அளப்பதில் நீட்சிமானிக்கு இணையாக நான் வேறெதையும் கையாண்டதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், புதிய ஆய்வகத்துக்கு முதல் கருவியாக இதை வாங்க வேண்டாம் என்றே அவருக்கு எழுதியிருக்கிறேன். கேமராவை வாங்கட்டும். கண்ணியை அளக்க வேண்டிய நாள் வந்தால் உருக்குத் துண்டுகளை எனக்கு அனுப்பட்டும். புது ரப்பர் வளையம் மாட்டி நானே அளந்து, நேரப் பதிவோடு திருப்பி அனுப்புகிறேன்.